உடனறிவு

மனச்சாட்சியைக் குறிக்கும் 'கோன்ஸ்கியென்டியா' என்னும் இலத்தீன் சொல்லில் 'உடன்' என்று பொருள்படும் முன்னொட்டும் 'அறிவு' என்று பொருள்படும் சொல்லும் இணைந்திருப்பதால், அதன் நேர்ப்பொருள் உடனறிவு, அதாவது ஒன்றைப் பிறரோடு சேர்ந்து அறிந்திருத்தல் என்பதாகும். குற்றத்துக்கு உடந்தையானவனையும் உரோமர் இதே வேரிலிருந்து பிறந்த சொல்லால் சுட்டினர். மனிதன் தனித்துச் செய்ததை அவனோடு அறிந்திருப்பவர் யார் என்ற வினா அம்முன்னொட்டிலேயே அடங்கிக் கிடக்கிறது.

கிரேக்க வழக்கு அதற்குத் தந்த விடை, அந்த மற்றவரும் தானே என்பதுதான். நியாயப்பிரமாணம் இல்லாத மக்களின் உள்ளத்திலும் சாட்சி சொல்வதாகப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் (2:15) குறிப்பிடும் 'சுனெய்தெசிஸ்', தன்னோடு தானே அறிதல் என்னும் அந்த வழக்கோடு உறவுடையது. பிற்காலக் கிறித்தவச் சிந்தனையோ உடனறிபவரின் இடத்தில் கடவுளைக் கண்டது.

எல்லா மொழிகளும் இந்த 'உடன்' என்பதைப் பேணவில்லை. 1340இல் கென்ட் வட்டாரத் துறவி மைக்கேல் பிரெஞ்சு அறநூல் ஒன்றைப் பெயர்த்தபோது ஆண்ட 'இன்விட்' உள்ளறிவை மட்டுமே குறித்தது. பிரெஞ்சு வழி வந்த சொல்லுக்கு இடம்விட்டு அது வழக்கொழிந்தது ஆங்கிலத்துக்கு ஓர் இழப்பே. ஃபின்னிய மொழியின் 'ஓமாதுந்தோ' தன் உணர்வு என்று பொருள்படுவது. அங்கே உடனிருப்பவர் எவருமில்லை.

பிரெஞ்சில் சிக்கல் வேறு வகையானது. மனச்சாட்சிக்கும், தன் எண்ணங்களைத் தான் உணர்ந்திருக்கும் நிலையாகிய நனவுக்கும் அம்மொழியில் 'கோன்சியான்ஸ்' என்ற ஒரே சொல்தான் உண்டு. ஜான் லாக், ஒருவரை நேற்றும் இன்றும் அதே ஆளாக வைத்திருப்பது நனவே என்று வாதிட்ட நூலைப் பியேர் கோஸ்ட் மொழிபெயர்த்து 1700இல் வெளியிட்டபோது, அறத்தீர்ப்பின் சாயல் படியாமல் நனவை மட்டும் சுட்டுவதற்கு, அச்சொல்லின் நடுவே ஒரு சிறுகோடு இட்டு 'கோன்-சியான்ஸ்' என்று பிரித்தெழுதி, அதற்கான காரணத்தை நீண்ட குறிப்பாகவும் தந்தார். ஜெர்மன் மொழிக்கு அந்தக் கோடு தேவைப்படவில்லை. மனச்சாட்சிக்குக் 'கெவிஸ்ஸன்' பழமையாகவே இருக்க, நனவுக்கு 18ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டியான் வோல்ஃப் தனிச்சொல் வகுத்தளித்தார். பிரிவினையால் தெளிவு கிட்டியது உண்மையே. ஆயினும் தன்னை அறிவதே தன்னை நியாயந்தீர்ப்பதன் தொடக்கம் என்ற உறவை, பிரிக்காத பிரெஞ்சுச் சொல்லே கண்முன் வைக்கிறது.

பவுலின் அதே வாக்கியத்தில் தமிழ் விவிலியம் கொண்ட 'மனச்சாட்சி' என்ற சொல்லில், வடமொழிச் 'சாட்சி' என்பதற்கும் 'உடன்' என்ற முன்னொட்டு உண்டு. அங்கே உடனிருப்பதாகச் சொல்லப்படுவது ஆள் அன்று, கண்.