ஆறுமணிக் குருவியும் ஒரு மஸ்அலாவும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் சுபுஹுத் தொழுது வீடு திரும்பியபோது, கொல்லைப்புறத்துப் புளியமரத்தடியில் நம் பேரன் எதையோ துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விலக்கிப் பார்த்தால், மைனாவைவிடச் சிறிய ஒரு பறவை. முதுகு பச்சை, தோளிலே பளிச்சென்ற நீலம், மார்பு சந்தன நிறம், வாலடியில் மருதாணிச் சிவப்பு. கண் வழியாக மைதீட்டியது போல் அகலமான கறுப்புக் கோடு. வாலோ வெட்டிவிட்டாற்போல் கட்டை. "நன்னா, நம்ம கிளிக்கூண்டு சும்மாத்தானே கிடக்குது?" என்றான் பையன்.

அது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை கொடுப்பதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்திற்குத் தெற்கே நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவிலேதான் பயணம். வந்த களைப்பில் சுவரில் மோதியும் கிணற்றடியில் ஒடுங்கியும் கிடப்பதுண்டு. ஆக, நம் பேரன் துண்டுக்குள் பிடித்து வைத்திருந்தது ஒரு முஸாஃபிரை!

பையன் கேட்டதில் தவறில்லை. பறவையைக் கூண்டில் வளர்க்கலாமா என்ற மஸ்அலாவுக்குப் பதில் பழையது. அபூ உமைர் என்ற சிறுவரின் குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அன்போடு அதைப்பற்றி விசாரித்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. தீனியும் தண்ணீரும் குறைவின்றிக் கொடுத்தால் வளர்ப்பது ஆகும் என்று இதை வைத்து உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் நாமும் பதினோரு வருடம் ஒரு பச்சைக்கிளி வளர்த்தோம். கொய்யாவும் மிளகாயும் வேளை தவறியதில்லை. நிபந்தனைகளில் ஒன்றைக்கூட மீறவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். ஆனால் அஸருக்குப் பிறகு கிளிக்கூட்டம் வீட்டுக்கு மேலாகக் கத்திக்கொண்டு போகும்போதெல்லாம் அது கம்பியில் மார்பை அழுத்திக்கொண்டு அலறும். "பாருங்கள், ஸலாம் சொல்கிறது!" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இன்று அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பது பிற்பாடுதான் நமக்குத் தெரிந்தது. அதற்குள் கிளி மௌத்தாகிவிட்டது.

அல்முல்க் அத்தியாயத்தை நம் வீடுகளில் இரவுதோறும் ஓதிவிட்டுப் படுக்கிறோம். தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்ற கருத்தில் வல்ல நாயன் அதிலே கேட்கிறான். வாசக அன்பர்களே, பதினோரு வருடத்தில் நம் கிளி சிறகை முழுதாக விரித்து நாம் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூண்டு அவ்வளவு அகலமில்லை. ஆகும் என்பது வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். எதைப் பார்க்கச் சொல்லப்பட்டதோ, அதை நாமே மறைத்து வைத்திருந்தோம்.

பேரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. குருவியைக் கூடையால் கவிழ்த்து நிழலில் வைத்தோம். மஃரிபுக்குச் சற்று முன் கூடையைத் தூக்கியதும் தத்தித் தத்திச் சருகுக்குள் போய்விட்டது. பையன் ஒரு வேளை சோறு உண்ணவில்லை. மறுநாள் விடியலில் வேலிப்பக்கமிருந்து சீழ்க்கை கேட்டதும் அவன்தான் நம்மை முதலில் எழுப்பினான்.

அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் இருவரும் நடக்கிறோம். பள்ளிவாசல் நண்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "இந்த வயதில் தஸ்பீஹை விட்டுவிட்டுக் குருவி பார்ப்பதா? வீண்பொழுதல்லவா?" என்றார். கேள்வி நியாயமானதுதான். தொழுகை தவறினால் வீண்பொழுதேதான். ஆனால் அவரிடம் நாம் ஒன்று கேட்டோம். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் இந்த நான்கையும் கொல்லக்கூடாதென்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறதே. ஹுத்ஹுத் என்பது நம் வயலில் நடக்கும் கொண்டலாத்தி, ஸுரத் என்பது கீச்சான். கீச்சான் எது என்று அறியாத பையன் கவண்கல் வீசினால், அந்த உத்தரவை எப்படிப் பேணுவான்? நண்பருக்கும் கீச்சானைத் தெரியவில்லை.

பறவை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற சாலிம் அலி அவர்களின் கதையும் இப்படி ஒரு சந்தேகத்தில்தான் ஆரம்பமாயிற்று. 1896 இல் பம்பாயில் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தவர். பத்து வயதுவாக்கில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது உண்ண ஆகுமான குருவிதானா என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு துரை பெயரைச் சொன்னதோடு, பாடம்பண்ணி வைத்திருந்த பறவைகளையெல்லாம் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினாராம். 1987 இல் மறையும்வரை சாலிம் அலி அந்த வழியை விடவில்லை. அவருடைய மார்க்க வாழ்வை எடைபோடுவது நம் வேலையல்ல. ஒரு பிள்ளையின் ஹலால் சந்தேகத்தை மாமா அதட்டி அடக்காமல் இருந்தாரே, அதைத்தான் சொல்ல வந்தோம்.

நம் தர்மபுரி ஜில்லாவில் இதற்கெல்லாம் தூரம் போக வேண்டியதில்லை. ஒகேனக்கல் போகிறவர்கள் பொரித்த மீனோடு திரும்பிவிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்து 2022 இல் அரசாங்கம் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்திருப்பது பலருக்கும் தெரியாது. தொண்டை மஞ்சளான கொண்டைக்குருவி ஒன்று உண்டு. தென்னாட்டுப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் அதற்கு வீடில்லை. அதை நாம் இன்னும் பார்க்கவில்லை. பேரன் தினமும் கேட்கிறான்.

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது அதே நண்பர் நம்மை ஓரமாக அழைத்து, மின்கம்பியைக் காட்டி, "அது கீச்சானா, கரிச்சானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கரிச்சான்தான்.