சான்றுக்குத் தரப்படும் மானியம்

அமெரிக்க வேளாண் துறை நடத்தும் ஏற்றுமதி மானியங்களுள் ஒன்று, சிறப்புப் பயிர்களுக்கான தொழில்நுட்ப உதவித் திட்டம். 2002ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் இதைத் தோற்றுவித்தது. கோதுமை, தீவனத் தானியங்கள், எண்ணெய் வித்துகள், பருத்தி, நெல், நிலக்கடலை, சர்க்கரைப் பயிர்கள், புகையிலை ஆகியவை நீங்கலாக அந்நாட்டில் விளையும் எல்லாமே இத்திட்டத்தின் கணக்கில் சிறப்புப் பயிர்கள். ஆப்பிளும் பாதாமும் உருளைக்கிழங்கும் இதில் அடங்கும். விலக்கப்பட்டவை நெடுங்காலம் அரசின் விலை ஆதரவில் வளர்ந்த பெரும்பயிர்கள் என்பதைக் கவனித்தால், இத்திட்டம் யாருக்கு ஈடுசெய்ய வந்தது என்பது விளங்கும்.

இனி, இப்பயிர்களின் ஏற்றுமதிக்குத் தடை எது எனக் காண்போம். சுங்க வரியைப் பணம் கட்டிக் கடந்துவிடலாம். பூச்சி, நோய், மருந்து எச்சம் பற்றிய விதியைப் பணம் கட்டிக் கடக்க இயலாது. 1995 முதல் நடப்பிலுள்ள உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம், ஒவ்வொரு நாடும் தன் மண்ணையும் மக்களையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. அந்தக் காப்பு அறிவியல் அடிப்படையில் அமைய வேண்டும் என்றும் கோருகிறது. ஆகவே சரக்கோடு சான்றும் போக வேண்டியிருக்கிறது.

மருந்து எச்சத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பயிருக்கான மருந்துக்கு நாடுதோறும் எச்ச வரம்பு பெற உற்பத்தி நிறுவனமே செலவழிக்கும், சந்தை பெரியது. சில ஆயிரம் ஏக்கரில் விளையும் பயிருக்கு அது முன்வராது. வரம்பு குறிக்கப்படாத இடத்தில் ஐரோப்பிய ஒன்றியமும், 2006 முதல் ஜப்பானும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது அளவைக் கையாளுகின்றன. உள்நாட்டில் சட்டப்படி தெளித்த மருந்தே துறைமுகத்தில் குற்றமாகிவிடும். வயல் சோதனையும் ஆய்வகத் தரவும் தந்து உரிய வரம்பைக் கேட்கலாம்தான். ஆனால் ஓர் உழவர் தம் கைப்பணத்தைப் போட்டு வரம்பைப் பெற்றுத் தந்தால், ஒரு காசும் போடாத அண்டைத் தோட்டக்காரரும் அதே வழியில் சரக்கு அனுப்புவார். எல்லோருக்கும் பயன்படும் என்பதாலேயே எவரும் செலவழிக்க மாட்டார்கள். பொதுப்பணம் இங்கே நுழைவதற்கு நான் காணும் வலுவான நியாயம் இதுவே.

திட்டத்தின் விதிகளும் இந்த நியாயத்தை ஒட்டியவை. பயன் ஒரு நிறுவனத்துக்கோ வணிகப் பெயருக்கோ அன்றி, அத்தொழில் முழுமைக்கும் சேர வேண்டும். பூச்சி ஆய்வு, கள அளவை, பயிலரங்கு, அயல்நாட்டு அதிகாரிகளை அழைத்து வந்து தோட்டங்களைக் காட்டுதல் ஆகியவற்றுக்குப் பணம் உண்டு, விளம்பரத்துக்கு இல்லை. விளம்பரத்துக்கென உள்ள வேறொரு திட்டம் ஆண்டுக்கு 20 கோடி டாலர் பெற்றுவர, இது 20 லட்சத்தில் தொடங்கி 90 லட்சம் டாலர் வரை மட்டுமே வளர்ந்தது. எனக்கு இந்த விகிதம் தலைகீழாகவே படுகிறது. நுழைய முடியாத சந்தையில் விளம்பரம் யாருக்காக?

ஆனால் சான்றின் வலிமைக்கும் எல்லை உண்டு. தீக்கருகல் நோய்க்கு அஞ்சிய ஜப்பான், அமெரிக்க ஆப்பிள் தோட்டத்தைச் சுற்றி 500 மீட்டர் காப்பு வளையமும் ஆண்டுக்கு மூன்று பார்வையிடலும் கேட்டது. முதிர்ந்த, நோயறிகுறியற்ற பழம் அந்நோயைக் கடத்தும் என்பதற்குப் போதிய சான்றில்லை என 2003இல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்பளித்தது. அதன் பின்னும் வழக்கு நீண்டு, 2005இல்தான் விதி தளர்ந்தது. மெக்சிகோவிலோ அமெரிக்க உருளைக்கிழங்கு எல்லையிலிருந்து 26 கிலோமீட்டருக்குள்ளேயே நிறுத்தப்பட்டிருந்தது. 2014இல் அந்நாட்டு அரசே கதவைத் திறந்தும், அங்குள்ள உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2022இல்தான் நாடு முழுவதும் வழி திறந்தது. ஐயத்தால் எழும் தடைக்கு ஆய்வறிக்கை மறுமொழியாகும். போட்டியச்சத்தால் எழுவதற்கு ஆகாது. விண்ணப்பத்தை எடைபோடும் அதிகாரி முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான். விண்ணப்பதாரரோ, இரண்டையும் அறிவியல் சிக்கல் என்றே எழுதித் தருவார்.