ஒரு பிடி தானியம்

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்பது நம் இல்லங்களின் வழக்கம். தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளாகியும் என் மனைவி அதனைக் கைவிடவில்லை. ஆனால், எங்கள் அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் காக்கையை முந்திக்கொண்டு வருபவை புறாக்களே. விரட்ட மனமின்றி நானும் நாள்தோறும் கம்பும் சோளமும் வாங்கி இறைக்கலானேன். பகலெல்லாம் கோப்புகளோடு மல்லாடும் எனக்கு அச்சிறகொலி தந்த நிறைவை மறைப்பானேன்?

ஒருநாள் கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். புறா எச்சத்தின் தூசு நுரையீரலில் அழற்சியை உண்டாக்கக்கூடும் என மருத்துவர் எச்சரித்தாராம். "உங்கள் புண்ணியத்தைத் தடுக்க வரவில்லை, என் வீட்டுச் சன்னலைத் திறக்க முடியவில்லை" என்றார்.

2025 ஆகஸ்டில் மும்பையின் தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாயிட்டு மூடியபோது கிளர்ச்சி செய்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எண்ணியவன் நான்! என் கைப்பிடிச்சுவரில் நான் நடத்தியது வேறென்ன?

நகரத்துப் புறா நம்மை நம்பிப் பிறந்ததன்று; தன் இரையைத் தானே தேடவல்லது. இரை மிகுந்தால் ஆண்டு முழுதும் குஞ்சு பொரித்துப் பெருகும். அப்பெருக்கத்தின் துன்பத்தைச் சுமப்பவர் இறைத்தவர் அல்லர், கீழே வாழ்பவர். மனைவி வைப்பது எங்கள் உணவில் ஒரு பங்கு. நான் இறைத்ததோ, எனக்காகக் காத்திருக்கச் சில உயிர்கள் வேண்டும் என்னும் என் பசிக்கு இட்டது.

தானியத்தை நிறுத்திவிட்டேன். காக்கை உண்டு போகும்வரை சோற்றருகே காவல் நிற்கிறேன். புறாக்கள் இன்னும் வந்தமர்ந்து என் கையையே பார்க்கின்றன.