உடைந்த பல்லும் ஏற்கச் சொல்லும் ஆறுதலும்

இரும்புலியூரில் ஒருவருக்கு முன்பல் முனை உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையில் பைக் சறுக்கியிருக்கலாம், முறுக்கு கொஞ்சம் முரடாக இருந்திருக்கலாம். "பிள்ளையாருக்கே ஒரு கொம்பு கிடையாது, உனக்கென்ன?" என்று தேற்ற அக்கம்பக்கத்தில் ஒருவராவது இருப்பார். சிரித்துவிட்டு நகரலாம்தான். ஆனால் அந்தத் தேறுதலுக்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: உடம்பில் உடைந்ததை விதி என்று ஏற்பதா, கடன் வாங்கியாவது சரிசெய்வதா?

பிள்ளையாரின் கொம்புக்குக் கதைகள் பல. பாரதம் எழுதத் தானே ஒடித்தார் என்பது ஒன்று. கஜமுகாசுரன் மீது எறிய ஒடித்தார் என்பது இன்னொன்று. பரசுராமர் வீசிய கோடரி தன் தந்தை சிவன் கொடுத்தது, அது வீணாகக் கூடாது என்று கொம்பில் வாங்கிக்கொண்டார் என்பது மூன்றாவது. மூன்றிலும் முடிவெடுத்தவர் அவர். பைக்கில் சறுக்கியவரை யாரும் கேட்டுவிட்டுப் பல்லை உடைக்கவில்லை. தானாக விட்டதையும் தவறிப்போனதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

பல்லைப் பறிகொடுத்தவருக்குப் பொருத்தமான தெய்வம் பூஷன். பன்னிரு ஆதித்தர்களில் ஒருவர். தக்கன் வேள்வியில் வீரபத்திரரிடம் அடிவாங்கிப் பல்லைப் பறிகொடுத்தவர். அந்த வேள்வி நடந்த இடம் என்று தமிழ்நாடு காட்டுவது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள பறியலூரை. இன்றைய பெயர் கீழப்பரசலூர், அட்ட வீரட்டானங்களில் ஒன்று. பூஷனுக்குப் பல் முளைத்துவிடவில்லை. அதற்காக அவரைப் பட்டினி போடவும் இல்லை: அவருக்குரிய படையல் அரைத்த மாவும் கூழும்தான் என்று வேத நூல்கள் விதித்தன. பல் போனவர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று விடாமல், சடங்கே அவருக்காக மாறிக்கொடுத்தது.

இஸ்லாமிய மரபில் இதைவிட நேரான பதில் உண்டு. அர்ஃபஜா என்ற நபித்தோழர், இஸ்லாத்துக்கு முந்தைய குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் தொகுப்புகள் பதிவுசெய்கின்றன. ஆண்கள் தங்கம் அணிவது விலக்கப்பட்ட மார்க்கத்தில், தேவை வந்தபோது விலக்கு தளர்ந்தது. தங்கப் பல்லுக்கும் தங்கக் கம்பிக்கும் சட்ட அறிஞர்கள் பின்னாளில் அனுமதி தந்தது இதை வைத்துத்தான்.

நம் ஊர்க் கோயிலையே பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, கும்பாபிஷேகம். சிலையைப் பீடத்தோடு பிடிக்க எட்டுப் பொருள் கலந்து இடித்துச் சாத்துகிறார்கள்; அதற்குப் பெயரே அஷ்டபந்தன மருந்து. சுவாமிக்கு வருகிற சேதத்தை விதி என்று யாரும் விடுவதில்லை. ரசீது போட்டு வசூல் நடக்கிறது. அதே தெருவில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்ணிடம் மட்டும் "போதும் என்ற மனம் வேண்டும்மா" என்பது பக்தி இல்லை, கைவிரிப்பு.

பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதை வகுத்தது உடற்கூறு. முறிந்த எலும்பு கூடும். பல்லின் எனாமலில் உயிரணு இல்லை, அதனால் போனது போனதுதான். முனை மட்டும் சிதைந்திருந்தால் பல்லின் நிறத்திலேயே அடைத்து ஒரே நாளில் அனுப்பிவிடுவார்கள். உள்ளே நரம்பு வரை உடைந்திருந்து, வலி நின்றுவிட்டதே என்று தள்ளிப்போட்டால் சீழ் வைக்கும். அப்புறம் ரூட் கேனல், கேப் என்று செலவு ஆயிரங்களில் ஏறும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தைத் தவிர, பல் செலவை ஏற்பதில்லை. பல்லை உடம்பின் உறுப்பாகவே எண்ணாத இந்தக் கணக்கைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும், உடைந்த பல்லோடு நிற்பவரின் ஆசையை அல்ல.

கையில் பணமில்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பள்ளிக்கரணை, ரத்தினமங்கலம், காட்டாங்கொளத்தூர் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் வைத்தியம் பார்க்கிறார்கள். தனியார் கிளினிக்கை விடச் செலவு குறையும், நேரம் கூடுதலாகப் பிடிக்கும். 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. தாம்பரத்தில் கடற்கரை மின்சார ரயில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். உடைந்த துண்டு கிடைத்திருந்தால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், சில சமயம் அதையே ஒட்டிவிட முடியும்.