ஊட்டமா, பிறவியா?

“அவன் மூளை அவ்வளவுதான், சாமான் கட்டத்தான் லாயக்கு.” கடைச் சிப்பந்திகளைப் பற்றி நம்மிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒருவன் சிப்பந்தியாகவே நிற்பதும், மற்றொருவன் முதலாளியாக உயர்வதும் பிறவியின் பயன்தானா? இக்கேள்விக்குத் தேன்கூடு ஒரு சாட்சி சொல்கிறது.

கூட்டில் இராணி ஒன்று. வேலைக்காரத் தேனீக்களோ பல்லாயிரம். இராணி சில ஆண்டுகள் வாழ்வாள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேலும் முட்டையிடுவாள். வேலைக்காரியோ கோடையில் ஏறக்குறைய 6 வாரம் உழைத்து மடிகிறாள். இருவரும் வெவ்வேறு முட்டையில் பிறந்தவர்கள் என்றே நாம் நினைப்போம். ஆனால் இருவருக்கும் முட்டை ஒன்றேதான்.

முட்டையிட்ட மூன்றாம் நாள் புழு வெளிவருகிறது. இளந்தேனீக்கள் தம் தலையில் ஊறும் பால் போன்ற உணவை முதலில் எல்லாப் புழுக்களுக்குமே ஊட்டுகின்றன. சுமார் 3 நாட்களுக்குப் பின்னரே பந்தி பிரிகிறது. வேலைக்காரியாகும் புழுவுக்கு அதன்பின் மகரந்தமும் தேனும் கலந்த உணவு. இராணியாகும் புழுவுக்கோ விசாலமான அறை. கடைசிவரை அந்தப் பால். முட்டையிட்ட 16ஆம் நாள் இராணி வெளிவருகிறாள். வேலைக்காரிக்கு 21 நாள் ஆகிறது.

இராணி திடீரென இறந்தால், வேலைக்காரிகளாக வளரவிருந்த இளம்புழுக்கள் சிலவற்றுக்கே அறையை அகலப்படுத்தி, பாலூட்டி, புதிய இராணியை உண்டாக்குகின்றன. பருவம் கடந்த புழுவுக்கு எவ்வளவு ஊட்டினாலும் பயனில்லை. 2008இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், புழுவின் மரபணுக்கள்மீது குறியிடும் ஒரு பொருளை அடக்கிப் பார்த்தார்கள். அப்புழுக்களில் பெரும்பாலானவை இராணிக்குரிய சினைப்பையோடு வளர்ந்தன. இராணியாகும் தன்மை சாதாரணப் புழுவிலும் அடங்கிக் கிடக்கிறது என்பது இதனால் விளங்கும்.

“எல்லாரும் இராணியானால் தேன் சேர்ப்பது யார்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வேலைக்காரிகள் ஊட்டாவிடில் இராணியும் பிழைக்கமாட்டாள்; உழைப்பில் இழிவு ஏதுமில்லை. தேனீயின்மீது குற்றமும் இல்லை. அது தன் இயல்பின்படி நடக்கிறது, யோசித்து முடிவெடுப்பதில்லை. நாமோ யோசித்துத்தான் முடிவெடுக்கிறோம். பேரேட்டைக் காட்டாமலும், கொள்முதலுக்கு அழைத்துப் போகாமலும் ஒருவனைப் பத்தாண்டுகள் மூட்டை தூக்க வைத்துவிட்டு, “இவன் பிறவி அப்படி” என்று தீர்ப்புக் கூறுவது நேர்மையாகுமா? அதிலும் மனிதனுக்குக் கற்கும் வாசல் மூன்றே நாளில் அடைபடுவதில்லை. நாற்பது வயதிலும் அது திறந்திருக்கிறது.

“தொழிலைக் கற்றுக்கொடுத்தால் நாளை எதிரிலேயே கடை வைத்துவிடுவானே!” என்பது நம் உள்ளத்திலுள்ள அச்சம். வைத்தாலும் வைப்பான், அதனால் நமக்கு நட்டம் வரவும் கூடும். ஆனால் அந்த அச்சத்தையே சற்று உரைத்துப் பாருங்கள். மூளையில்லாதவன் எதிரில் கடை வைப்பான் என்று எவரும் அஞ்சுவதில்லை. ஆகவே, அவனால் முடியும் என்பது நமக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே, முடியாது என்று அவனை நம்பவைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?