கல் எவருடையது?

'அரிய' என்னும் அடைமொழியை விஞ்ஞானம் சில வேளைகளிற் பொருத்தமின்றியே வழங்கிவிடுகின்றது. அருமண் மூலகங்கள் எனப் பெயர் பெற்றவற்றுள் ஒன்றாகிய சீரியம், புவியோட்டிலே ஈயத்தினும் மிகுதியாக உண்டு. மூலகம் அரிதன்று, அது ஓரிடத்தே திரண்டு கிடத்தலே அரிது. அவ்வாறு திரட்டியவர் எவருமில்லையெனின், திரண்ட செல்வம் எவரைச் சாரும்? இதுவே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா.

அருமண் திரண்டு கிடக்கும் பாறைகளுள் முதன்மையானது காபனற்றைற்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப் போன்று இதிலும் பெரும்பகுதி காபனேற்றுக் கனியமே. ஆயின், நமது சுண்ணக்கல் கடலிலே படிந்தது. இதுவோ தீயிற் பிறந்தது. நோர்வேயின் பென் பகுதியை ஆராய்ந்த புரொக்கர் 1921 இல் இவ்வாறு கூறியபோது அறிஞர் பலர் ஒப்பவில்லை. இன்று தன்சானியா எனப்படும் நாட்டிலுள்ள ஒல்டொய்னியோ லெங்காய் எரிமலை 1960 இல் காபனேற்றுக் குழம்பையே கக்கிற்று. மலையே வந்து சாட்சி சொன்னபின் வாதம் தணிந்தது.

புவியோட்டின் கீழுள்ள பாறை மிகச் சிறிதளவே உருகும்போது அருமண் அணுக்கள் அவ்வுருகலைச் சேர்கின்றன. பருமனாலும் மின்னேற்றத்தாலும் அவை பொதுவான கனியங்களின் பளிங்கமைப்புக்கு இசைவனவல்ல. குழம்பு குளிர்ந்து பளிங்குகள் ஒவ்வொன்றாய் உறைய, இடங்கிடையாத இவ்வணுக்கள் எஞ்சிய குழம்பிலே மேன்மேலும் செறிகின்றன. ஒரு பகுதியை அப்பற்றைற்று என்னும் பொசுபேற்றுக் கனியம் ஏற்றுக்கொள்ளும். மிகுதி ஈற்றிலே மொனசைற்று போன்ற அருமண் கனியங்களாகும். (ஒதுக்கப்பட்டவையே ஈற்றில் விலைமதிப்புறுகின்றன என்று உவமை சொல்ல எமக்கும் ஆசைதான். கல்லைக் கட்சியிற் சேர்த்தல் தகாது.)

உறைந்ததோடு மாற்றம் நிற்பதில்லை. பாறையினூடே ஊடுருவும் வெந்நீர் முன்னைக் கனியங்களைக் கரைத்துப் புதியனவாக்கும். பாறை வெளிப்பட்டதும் மழை தன் பணியைத் தொடங்கும். காபனேற்றுக் கரைந்தோட, எளிதிற் கரையாத பொசுபேற்று எஞ்சும். சிதையும் அப்பற்றைற்று விடுத்த அருமண்ணைப் புதிய பொசுபேற்றுக்கள் பற்றிக்கொள்ளும். சீரியம் மட்டும் ஒட்சியேறித் தன் கூட்டத்தைப் பிரிந்து நிற்பதுமுண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலே சுமார் 200 கோடி ஆண்டு பழைமையான காபனற்றைற்று இவ்வாறு சிதைந்தமையாலேயே செல்வமாயிற்று.

இலங்கையிலும் அத்தகைய பாறை உண்டு. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971 இல் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் படிவு, காபனற்றைற்றுக் கரைந்தபின் எஞ்சிய அப்பற்றைற்றே. அதனுள்ளும் அருமண் கலந்துள்ளது.

இப்படிவின் ஆக்கத்திலே மனித உழைப்பு ஒரு துளியுமில்லை. உழைப்பு நிகழ்வது தோண்டுதலிலும் அரைத்தலிலுமே. ஆகவே சந்தை விலையிற் கூலியுண்டு, இலாபமுண்டு. திரண்ட காலத்துக்கு ஒரு சதமும் இல்லை. அது கம்பனிக்குரியதன்று என்பதில் எமது வாசகர்க்குக் கருத்து வேறுபாடு இராது. 'தேசத்துக்குரியது' என்று கூறி அமைந்துவிடலாமா என்பதிலேதான் எமக்கு ஐயம். 1990 களில் அப்படிவை அமெரிக்கக் கம்பனியொன்று முன்னின்ற கூட்டுமுயற்சிக்கு ஒப்படைக்க முற்பட்டது அத்தேசத்தின் அரசேயன்றோ! அரசே தோண்டினும் குழி குழியே. பெயர்ப்பலகை மாறுவதனால் அடுத்த தலைமுறைக்குக் கல் மீளப்போவதில்லை.

எப்பாவல வாசிகள் எழுவர் உயர்நீதிமன்றத்தை நாடினர். நீதியரசர் அமரசிங்க எழுதிய 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, முழுமையான ஆய்வும் சூழல் அனுமதியுமின்றி உடன்படிக்கை செய்யலாகாது என்றது. அறியப்பட்ட இருப்பு ஏறத்தாழ 30 ஆண்டுகளிலே தீர்ந்துபோகும் என்ற அச்சமும் அவ்வழக்கிற் பேசப்பட்டது. கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொணரும் ஜய கங்கையின் கதியும் அங்கே ஆராயப்பட்டது. அக்கால்வாயையேனும் மனிதர் வெட்டினர். இடிந்தால் மீளவும் வெட்டலாம்.

கல்லைத் தொடவே கூடாதென்று நாம் வாதிடவில்லை. பயிருக்குப் பொசுபேற்று வேண்டும். எத்தனை பேர் வாழ்நாளுக்கென, எவ்வளவு தோண்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் அவையில் எப்பாவலவின் உழவருக்கும் இடம் வேண்டும். அக்கல்லின் தூளோ அவரது வயலுக்கு நேரே பயன்படுவதில்லை. மெல்லவே கரைவதால் தேயிலை, இறப்பர், தென்னை முதலிய நீள்காலப் பயிர்களுக்கே அது இடப்படுகின்றது.