மடியில் கனம்

கிள்ளானில் நாணயமாற்றுக் கடை நடத்தும் அன்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள நம் மளிகைக் கடைக்கு வந்திருந்தார். ஜும்ஆ முடிந்து, சோறு உண்டு, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் மெல்லப் பேச்செடுத்தார். "நானா, கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடலாமென்று இருக்கிறேன். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா? வைத்துக்கொண்டால் தோட்டாவை ஏற்றியே வைத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அதுவும் சரிதானா?"

வேடிக்கைக்காகக் கேட்டவர் அல்லர் அவர். இரண்டு வருஷங்களுக்கு முன் கடை அடைக்கும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர், தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே புகுந்து, பாராங் கத்தியால் அவர் முழங்கையில் வெட்டிவிட்டுப் பணப்பையைப் பறித்துப் போயினர். இன்றும் அந்தக் கையால் அவரால் கனமான பொருளைத் தூக்க முடியாது. "ஆலிம்களிடம் கேளுங்கள், தம்பி" என்று அன்று தட்டிக் கழித்துவிட்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். நம் பாட்டன்மார் அகலமான பச்சை பெல்ட்டில் பணத்தைச் சுமந்துகொண்டு இந்நாட்டில் வியாபாரம் செய்தனர். அந்தக் கனத்தால் வந்த பயத்துக்கு மருந்தாக இன்னொரு கனத்தை அதே இடுப்பில் கட்டலாமா என்பதே இப்போதைய கேள்வி.

உயிரையும் பொருளையும் காப்பது குற்றமல்ல. தன் பொருளைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீது என்னும் கருத்தில் நபிமொழி இருப்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். ஆகவே அன்பரின் முதல் கேள்விக்கு "கூடவே கூடாது" என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நம்மைத் தடுமாறச் செய்தது இரண்டாவது கேள்வி.

பிஸ்டலின் பிடிக்குள் செருகும் பெட்டியில் தோட்டாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டால் ஒரு தோட்டா மேலேறிக் குழலின் அடியிலுள்ள அறையில் அமரும். பிறகு விசையை அழுத்துவதுதான் பாக்கி. அறை காலியாக இருந்தால், ஆபத்து வந்த பின்னர் இரண்டு கைகளாலும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வினாடியோ இரண்டு வினாடியோ பிடிக்கும். வெட்டுப்பட்ட கையை வைத்துக்கொண்டு அந்த வினாடிக்கு நான் எங்கே போவேன் என்பது அன்பரின் வாதம். அமெரிக்கப் போலீசாரும் அறையில் ஏற்றியேதான் சுமக்கின்றனர். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை.

பத்திரமாகச் சுமக்க வழிகளும் உண்டு. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஆறு அறைகள். கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்பதால் ஐந்தில் மட்டும் தோட்டா இட்டு, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவார்கள். இக்காலத்துப் பிஸ்டல்கள் பெரும்பாலும் விழுந்தால் வெடிக்காதபடி செய்யப்பட்டவை. ஆனால் விசை நகர்ந்தால் வெடிக்கும், நகர்த்தியது யாருடைய விரல் என்று அது பார்ப்பதில்லை. சட்டையின் ஓரம் சிக்கினாலும் போதும். ஆகவே விசையை முழுதும் மூடும் கெட்டியான உறை வேண்டும், சுடும் நேரம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்கின்றனர். 2008 நவம்பரில் பிளாக்ஸிகோ பரஸ் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், இடுப்பில் செருகிய பிஸ்டல் நியூயார்க் கேளிக்கை விடுதியில் நழுவியபோது பிடிக்கப் போய்த் தம் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அனுமதியில்லாத ஆயுதத்துக்காக 2 வருஷச் சிறைத்தண்டனையும் பெற்றார். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பெரிய கடைக்குள், தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை 2 வயதுப் பிள்ளை எடுத்துவிட, அந்தத் தாய் அங்கேயே மாண்டார். அவர் முறைப்படி அனுமதி பெற்றவர்.

நம் அன்பரோ ஐவேளைத் தொழுகையாளி. ஒளு எடுக்கும்போது அதை எங்கே வைப்பார்? கடைப் பையனிடம் கொடுக்க முடியாது, ஏனெனில் லைசென்ஸ் அவர் பெயருக்குத்தான். 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்படி. லைசென்ஸ் இல்லாதவன் கையில் அகப்பட்டால், 1971இல் வந்த சட்டப்படி 14 வருஷம் வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு தோளோடு தோள் சேர்ந்த ஸஃப்பில் ருகூவும் சுஜூதும் செய்வாரா? கழற்றுவதும் மாட்டுவதுமே விபத்துக்கு வாசல். நாளுக்கு ஐந்து தடவை அந்த வாசலைத் திறப்பதா?

பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் நடப்பவர், யாருக்கும் காயம் படாதிருக்க முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். கடைவீதியைச் சேர்த்துச் சொன்னது வியாபாரிகளான நமக்கு எவ்வளவு பொருத்தம்! விலகிப் போங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லவில்லை. சுமப்பவன் மேலேயே பொறுப்பை வைத்தார்கள். குத்தினால் முதலில் அவன் உள்ளங்கையில்தான் குத்தும். மறைத்துச் சுமக்கும் துப்பாக்கியின் முனையையோ பக்கத்தில் நிற்பவர் அறியவும் மாட்டார், அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

மறைத்த ஆயுதத்தின் நிய்யத்தும் வெளியே தெரியாது. அவசரகாலத்தில், 1949இல், தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி ரவாங் அருகே ஒரு ரிவால்வரோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். போலீசில் ஒப்படைக்கவே கொண்டு போனார் என்று சொல்வோர் உண்டு. இந்திய சர்க்கார் அவர் உயிருக்காக மன்றாடியும் அவ்வருஷம் மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டனர். வைத்திருந்ததற்கே மரணம் என்பது கொடுமையிலும் கொடுமை. அதே காலத்தில் தோட்டத்துத் துரைமார்கள் இடுப்பில் துப்பாக்கியோடு உலவினர். அவர்கள் கையில் இருந்தால் தற்காப்பு!

இனி நம் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். நம் கல்லாப்பெட்டியின் கீழே ஓர் இரும்புத் தடி கிடக்கிறது. ஒருநாள் இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். தலைக்கவசம் அணிந்த ஒருவன் குனிந்து உள்ளே நுழைந்து, சட்டைக்குள் கையை விட்டான். அன்பருக்கு நேர்ந்தது நினைவில் பளிச்சிட, தடியைக் குனிந்து எடுத்து ஓங்கிவிட்டோம். குனிந்து நிமிர்வதற்குள் அவன் கவசத்தைத் தூக்கியிருந்தான். கட்டட வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன். சட்டைக்குள்ளிருந்து எடுத்த 40 வெள்ளியைக் கல்லாமேல் வைத்தான். மூன்று மாதத்து அரிசிக் கடன். ஊருக்குப் போகிறானாம், பாக்கி வைத்துவிட்டுப் போகக் கூடாதாம்.

அன்று நம் இடுப்பில் ஏற்றிய துப்பாக்கி இருந்திருந்தால், அவன் முகத்தைப் பார்த்திருப்போமா? அன்பர் மிச்சப்படுத்த விரும்பும் அந்த ஒரு வினாடியில்தான் நாம் அவன் முகத்தைக் கண்டோம். அன்பரை வெட்டியவர்களும் அதே போன்ற ஒரு வினாடியில்தான் வெட்டினார்கள் என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான் அவருக்குக் கட்டளையாக எதையும் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

சென்ற வாரம் கிள்ளானுக்கே போய் இதையெல்லாம் அவரிடம் விவரமாகச் சொன்னோம். லைசென்ஸ் கிடைத்தாலும் அறையைக் காலியாக வையுங்கள், பள்ளிக்கு வரும்போது கடையிலேயே இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள் என்றோம். நெடுநேரம் கையைத் தடவிக்கொண்டிருந்தார். மனுத் தாள் எழுதப்படாமல் மேசை அறையில் கிடக்கிறது. "அந்தப் பையன் ஊர் போய்ச் சேர்ந்தானா?" என்று மட்டும் கேட்டார்.